சன்னலோரக் கீழ்க்கட்டில்

வியன்னா,
1997 ஏப்ரல் 2

தம்பி வில்மோஷுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறதென்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இதற்குப் பிறகு இந்தக் கடிதத்தில் நல்ல வார்த்தை எதுவும் வராது.

போன மாதம், நாம் இருவரும் சேர்ந்து தொடங்கிய பயணிகள் விடுதியில், நாம் இருவரும் சாயம் அடித்த கதவுக்குப் பக்கத்தில், சுவரில் துளைபோட்டு நீ ஒரு பலகையை மாட்டினாய். "முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பொது அறையில் இடமில்லை." எனக்கு அறுபத்தொன்பது வயது. ஏழு வருடமாக அந்தப் பொது அறையின் சன்னலோர அடுக்குக் கட்டிலில், கீழ்க்கட்டிலில் படுப்பவள் நான். எனக்கு வேறு அறை கிடையாது. என் வீட்டிலிருந்து என்னை வெளியேற்றினீர்கள். இதுதான் நடந்த அநியாயம். இதற்கு வேறு பெயர் வைக்காதே.

பலகையில் இருப்பது உன் மகன் சொங்கோரின் வாசகம். அவன் அப்படித்தான். ஆனால் திருகாணியை முறுக்கிய கை உன்னுடையது. நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

"அத்தை, எனிக்கோவோட அம்மா சொல்னோக்ல தனியாத்தான் இருக்காங்க. பின்னறை காலி. தோட்டம் இருக்கு, கோழி இருக்கு, நிம்மதியா இருக்கலாம்" என்றான் சொங்கோர். தன் பெண்டாட்டி எனிக்கோவின் ஊரில் என்னைக் கொண்டுபோய்ப் போடப் பார்த்தான்.

"கோழியை நீயே போய் மேய்டா" என்றேன்.

ஆகவே அந்த ஆஸ்திரேலியப் பையன் விட்டுப்போன பச்சை முதுகுப்பையைத் தோளில் மாட்டினேன். அந்தக் கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் மேற்கு நாடுகளுக்குப் போக இரண்டு முறை விண்ணப்பித்தேன். இரண்டு முறையும் மறுத்தார்கள். பிறகு ஏழு வருடமாக உலகத்துப் பிள்ளைகளெல்லாம் நம் சமையலறையில் உட்கார்ந்து ஊர் ஊராகக் கதை சொன்னார்கள். நான் சூப்பைக் கிண்டிக்கொண்டே கேட்டேன். இனி நானே பார்க்கிறேன்.

ஒன்றை நன்றாக மனதில் வை. என் கட்டிலின் விரிப்பை நான் கழற்றவில்லை. ஊருக்குக் கிளம்புகிறவர் தன் விரிப்பையும் தலையணை உறையையும் தானே கழற்றிக் கூடையில் போடவேண்டும். எல்லா விடுதியிலும் அதுதான் வழக்கம், நம் விடுதியிலும் அதுதான். கழற்றாதவர் கிளம்பியவர் அல்ல. நான் வெளியே போயிருக்கிறேன், அவ்வளவுதான். என்னைத் தவிர யாரும் அந்த விரிப்பைத் தொடக்கூடாது. நீ உன் கையால் பலகையைக் கழற்றும் நாளில் திரும்பி வருவேன்.

அடுத்து பிளாரன்ஸ். அங்கே பெரிய தபால் நிலையத்துக்கு என் பெயர் போட்டு எழுது. போய் வாங்கிக்கொள்வேன்.

இரவில் முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்.

உன் அக்கா,
பிரோஷ்கா


புடாபெஸ்ட்,
ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நடக்கும் நடைக்கு உன் பாதம் தாங்குகிறதா? என் முழங்கால் மழைக்கு முந்தைய நாள் மட்டும் பேசுகிறது.

நீ ஒரு பக்கத்தைத்தான் எழுதியிருக்கிறாய். இரவு பத்து மணிக்கு நீ விளக்கை அணைத்துவிடுகிறாய். பிள்ளைகள் வெளியே கிளம்புவதே பத்து மணிக்குத்தான். டிராமில் சீட்டுப் பரிசோதித்த பழக்கத்தில், வந்திறங்குகிறவர்களிடமெல்லாம் "ரயில் டிக்கெட்டைக் காட்டு" என்று கை நீட்டுகிறாய். போன கோடையில் அந்த டென்மார்க் பெண் உன்னைப் போலீஸ் என்று நினைத்து அழுதாள். சூப் குடிக்காதவனை வெளியே விடமாட்டேன் என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாய்.

சொங்கோர் என்னிடம் வந்து சொன்னான்: "அப்பா, ஸ்டேஷன்ல நம்ம விடுதி பேர் போட்ட அட்டையைப் பாத்ததும் பசங்க கேக்கறாங்க, அந்தக் கிழவி இருக்கற இடமான்னு."

"ஆமான்னு சொல்லேன்டா" என்றேன்.

"சொன்னேன். உடனே அடுத்த அட்டைக்காரன் பின்னால போயிட்டாங்க."

நான் என்ன சொல்வது, அக்கா? இப்போது விடுதி உரிமம் அவன் பெயரில் இருக்கிறது. மாற்றிக் கொடுத்தபோது நீயும்தான் கையெழுத்துப் போட்டாய். அவனுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. கெலெட்டி ரயில் நிலையத்தைச் சுற்றி இப்போது எத்தனை விடுதிகள் வந்துவிட்டன தெரியுமா? ரயில் நடைமேடையில் வந்து நிற்கும்வரை யாரும் காத்திருப்பதில்லை. எல்லைக்கே போய் ரயிலில் ஏறிப் பிள்ளைகளைப் பிடிக்கிறார்கள்.

உன் கட்டில் நீ விட்டபடியே இருக்கிறது. நீ மடித்துவைத்த போர்வையின் மூலைகூடக் கலையவில்லை. அதை மட்டும் நம்பு.

வேளாவேளைக்குச் சூடாக ஏதாவது சாப்பிடு.

தம்பி,
வில்மோஷ்


பிளாரன்ஸ்,
மே 3

தம்பி வில்மோஷுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தபால் நிலையக்காரன் நம் குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டு மூன்று தட்டுகளில் தேடினான். நான்காவதில் இருந்தது. என் பாதத்துக்கு ஒன்றுமில்லை. கொப்புளம் உடைந்து தோல் தடித்துவிட்டது.

விளக்கை அணைத்தேன். ஆமாம். தூங்குவதற்குத்தான் படுக்கை. டிக்கெட் கேட்டேன். ஆமாம். கேட்டதால்தான் அந்த ஸ்பெயின்காரப் பையனின் ரயில் அன்றைக்கல்ல, முந்தைய நாளே போய்விட்டது என்று தெரிந்தது. சூப் விஷயத்தில் நான் ஒரு வார்த்தையும் பின்வாங்கமாட்டேன். இதெல்லாம் என்னோடு பேசித் தீர்க்கவேண்டியவை. சுவரில் துளைபோட்டுத் தீர்க்கவேண்டியவை அல்ல.

இந்த ஊர் விடுதியில் காலை பத்து மணிக்கு எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். மாலை நாலு மணிவரை யாரும் உள்ளே போக முடியாது. பிள்ளைகள் கோயில் குளம் என்று அலைகிறார்கள். எனக்கு இந்த ஊர்க் கோயில்கள் இரண்டாம் நாளே போதும் என்றாகிவிட்டது. மாடிப்படியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். விடுதிக்காரர் வந்தார்.

"அம்மா, இங்க உக்காரக் கூடாது. வெளியில அழகான ஊர் இருக்கு, போய்ப் பாருங்க."

"ஊர் ஓடியா போகும்? உங்க கதவைப் பாத்துட்டு இருக்கேன். அதுதான் திறக்காம இருக்கு."

"நாலு மணிக்குத்தான்."

"நானும் நாலு மணிவரைக்கும்தான்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு போனார். அன்று மாலை மிளகாய்த்தூள் போட்டுப் பெரிய சட்டியில் உருளைக்கிழங்குக் குழம்பு வைத்தேன். தூளை வீட்டிலிருந்தே எடுத்து வந்திருந்தேன். அவரும் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் படியில் உட்கார ஒரு மெத்தை வைத்திருந்தார்.

எல்லா இடத்திலும் கீழ்க்கட்டில்தான் கேட்கிறேன். தரவில்லையென்றால் நடுஅறையில் பையை வைத்து நின்றுகொள்வேன். கடைசியில் ஒரு பையன் பெருமூச்சு விட்டுக்கொண்டு மேலே ஏறுவான். சின்ன வயதில் ஒரே கட்டிலில் சுவரோரம் யாருக்கென்று நீயும் நானும் சண்டைபோட்டபோதும் நான்தானே ஜெயித்தேன்? ஏணி ஏறுவது தோற்றவர்களின் வேலை.

பலகை இன்னும் இருக்கிறதா? நீ அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

அடுத்து லியோன், பிறகு வடக்கே. உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரோஷ்கா


புடாபெஸ்ட்,
மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலம் என்பதை உன் கடிதத்தின் கோபத்திலிருந்தே தெரிந்துகொண்டேன். இங்கே நலம். எனிக்கோவுக்கு எட்டாம் மாதம்.

சுற்றுலாப் பருவம் தொடங்கிவிட்டது. நான்தான் அட்டை பிடித்து நடைமேடையில் நிற்கிறேன். உன்னைப் போல எனக்குக் கத்த வராது. அட்டையை மட்டும் உயரத் தூக்கிப் பிடிக்கிறேன். நேற்று ஒரு கனடாக்காரப் பெண் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டே கூட வந்தாள்.

சொங்கோர் முன்னறையை இருவர் தங்கும் தனி அறையாக மாற்றிவிட்டான். ஜோடியாக வருகிறவர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். நல்ல யோசனைதான். பழைய அலமாரியை இறக்கும்போது கண்ணாடி உடைந்தது. அது அம்மாவின் கண்ணாடி அல்ல, பயப்படாதே.

பிள்ளைகள் அதிகாலையில் காபி போட வருவதால் எனக்கும் சீக்கிரம் விழிப்பு வந்துவிடுகிறது. ஒருவிதத்தில் நல்லதுதான். குளிர்பெட்டி இரவெல்லாம் முனகுகிறது, சரிபார்க்கவேண்டும். அடுப்புப் பக்கச் சுவர் விடியும்வரை கதகதப்பாக இருக்கிறது என்பது இத்தனை வருடமாக எனக்குத் தெரியாது.

பலகை இருக்கிறது. உன் கட்டிலும் இருக்கிறது.

வழியில் யாரையும் நம்பிப் பையை விட்டுப் போகாதே.

வில்மோஷ்


கென்ட்,
ஜூன் 20

தம்பி வில்மோஷுக்கு,

நலம். லியோனில் உன் கடிதத்தை வாங்கி, ரயிலில் இரண்டு முறை படித்தேன்.

முன்னறை உன்னுடைய அறை. உன் கட்டில் அங்கேதான் இருந்தது. அதில் இப்போது ஜோடிகள் தங்குகிறார்கள் என்றால் நீ எங்கே படுக்கிறாய்? இதற்குப் பதில் எழுது. கண்ணாடியைப் பற்றி நான் கேட்கவில்லை.

இங்கே நல்ல இடம். கால்வாய், மழை, மறுபடி கால்வாய். பன்னிரண்டு பேர் அறை. இரண்டாம் நாள் காலை ஓர் ஐரிஷ் பையன், தாடி கூட ஒழுங்காக முளைக்கவில்லை, எல்லோர் முன்னாலும் சொன்னான்:

"ஆன்ட்டி, நீங்க பயங்கரமா குறட்டை விடறீங்க. ஒருத்தரும் தூங்கலை."

"நீ தூக்கத்துல அழுதே. நான் யார்கிட்டயாவது சொன்னேனா?"

பிறகு அவன் காபி போட்டுக்கொண்டு வந்து என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். வீட்டை விட்டு வந்து நாலு மாதமாம். அப்பாவோடு சண்டை. "கோபம் இருந்தா இருக்கட்டும், ஒரு கார்டு மட்டும் போடு" என்றேன். "நீங்க போடறீங்களா?" என்றான். "கார்டு இல்ல, பக்கம் பக்கமா எழுதறேன். திட்டி" என்றேன். சிரித்தான். அன்று இரவு காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தான்.

இவர்களுக்கு என்னோடு ஒரே அறையில் தூங்க முடிகிறது, வில்மோஷ். நம் வீட்டில்தான் முடியவில்லை.

சமையலறையில் ஓர் அலமாரித் தட்டு இருக்கிறது. போகிறவர்கள் மிச்சமான அரிசி, உப்பு, எண்ணெய் எல்லாவற்றையும் வருகிறவர்களுக்கென்று அதில் வைத்துவிட்டுப் போகிறார்கள். நானும் கொஞ்சம் மிளகாய்த்தூள் வைத்தேன். நம் வீட்டில் நான் தொடங்கிய அந்தத் தட்டு இருக்கிறதா, அல்லது அதற்கும் வயது வரம்பு வந்துவிட்டதா?

அடுத்து பிராக், அதன்பின் கிராக்கோவ். இரண்டாவது ஊருக்கு எழுது. கேட்ட கேள்வியை மறக்காதே.

பிரோஷ்கா


புடாபெஸ்ட்,
ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன்.

இந்த மாதம் நெரிசல். நீளமாக எழுத நேரமில்லை. தட்டு இருக்கிறது. நேற்று அதில் பாதி பொட்டலம் நூடுல்ஸும் ஒற்றைக் காலுறையும் இருந்தன.

குழந்தை பிறந்துவிட்டது. பெண். எனிக்கோ சுகமாக இருக்கிறாள். சொங்கோர் ஒரு வாரமாகச் சத்தமே போடவில்லை.

பலகையின் ஒரு திருகாணி தளர்ந்திருக்கிறது. "அப்பா, முறுக்கிடுங்க" என்றான். "கை வலிக்குதுடா" என்றேன். நான் முறுக்கவில்லை. இதை உனக்குச் சொல்லத் தோன்றியது.

வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள்.

வில்மோஷ்


கிராக்கோவ்,
ஆகஸ்ட் 9

தம்பி வில்மோஷுக்கு,

குழந்தைக்கு என் ஆசி. எனிக்கோவை மாடிப்படி ஏறவிடாதே. சொங்கோருக்கு ஆசி இப்போதைக்கு இல்லை.

நீ பதில் எழுதவில்லை. எங்கே படுக்கிறாய் என்று கேட்டேன். ஒற்றைக் காலுறையைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

தளர்ந்த திருகாணிக்காக என்னிடம் பாராட்டு எதிர்பார்க்காதே. தானாகத் தளர்ந்தது தளர்ந்ததாகாது. நீ கழற்றவேண்டும்.

நேற்று இங்கே ஒரு விடுதியில் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்த பெண் முகம் மாறினாள். "மன்னிக்கணும், எங்க விதிப்படி நாற்பதுக்கு மேல..." என்று இழுத்தாள். சின்னப் பெண். கன்னம் சிவந்துவிட்டது.

"யாரு எழுதின விதி?"

"முதலாளி."

"பலகையை மாட்டினது யாரு?"

"தெரியலைங்க. நான் வரும்போதே இருந்துச்சு."

"யாரோ ஒரு தம்பி மாட்டியிருப்பான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மழை. நதிக்கரைக்கு அப்பால் வேறு இடம் கிடைத்தது. அங்கேயும் கீழ்க்கட்டில்.

இப்போதெல்லாம் ஓர் ஊரில் மூன்றாம் நாள் விடிந்தால் கால் அரிக்கிறது. ஊர் நன்றாக இருக்கிறது, ஆட்களும் நல்லவர்கள், ஆனாலும் பையைக் கட்டுகிறேன். வரைபடத்தைப் பார்க்காமல் நிலையத்துக்குப் போய், முதலில் புறப்படும் ரயில் எது என்று கேட்கிறேன். ஏறி உட்கார்ந்து வண்டி நகர்ந்ததும் கொஞ்ச நேரம் மனம் அடங்குகிறது. நிற்கும் ஊரில் மறுபடி ஆரம்பிக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு விரிப்பைக் கழற்றுகிறேன், உறையைக் கழற்றுகிறேன், கூடையில் போடுகிறேன், திரும்பிப் பார்க்காமல் போகிறேன். இந்த வருடம் நான் படுத்த கட்டில்களில் கழற்றாமல் வந்தது ஒன்றுதான். அது அங்கே இருக்கிறது என்கிற நினைப்பில்தான் மற்றவற்றைக் கழற்ற முடிகிறது.

நீ எங்கே படுக்கிறாய்?

லுப்லியானாவுக்கு எழுது, எங்கே சுற்றினாலும் அங்கே வந்துசேர்வேன்.

பிரோஷ்கா


லுப்லியானா,
செப்டம்பர் 18

தம்பி வில்மோஷுக்கு,

நான் சுகம். உன்னைப் பற்றித் தெரியவில்லை. இங்கே வந்த நாளிலிருந்து தினமும் தபால் நிலையத்துக்குப் போகிறேன். இப்போதெல்லாம் அங்கிருக்கும் பெண் என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே இல்லையென்று தலையை ஆட்டிவிடுகிறாள்.

இங்கே மய்தா என்று ஒரு பெண்மணி விடுதி நடத்துகிறாள். ஐம்பது வயதிருக்கும். வாயில் எப்போதும் சிகரெட், ஆனால் பற்றவைப்பதில்லை. குளிர்காலத்துக்கு ஆள் வேண்டும் என்றாள்.

"என் வயசு அறுபத்தொன்பது. பின்னால கேட்டுட்டு முழிக்காதீங்க" என்றேன்.

"வயசை நான் கேக்கலையே. விரிப்பு மாத்தத் தெரியுமான்னுதான் கேட்டேன்."

சாப்பாடு, இடம், கைச்செலவுக்குக் கொஞ்சம். துணி துவைக்கும் அறைக்குப் பின்னால் எனக்கென்று ஒரு சிறிய அறை. ஓர் அடுக்குக் கட்டில், ஓர் ஏணி, வெந்நீர்க் குழாய் போகும் சுவர். நான் கீழே. பை மேலே. சூப்பைப் பற்றி அவளுக்கு என் கருத்துத்தான்.

இங்கேயும் மூன்றாம் நாள் கால் அரித்தது. நான்காம் நாள் ஒரு சட்டி வாங்கினேன். பார்க்கலாம்.

ஒரு வரி எழுது. சண்டை வேறு, தபால் வேறு.

பிரோஷ்கா


புடாபெஸ்ட்,
அக்டோபர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. ஒரு காய்ச்சல் வந்து கொஞ்சம் நீடித்தது. பிறகு மார்பில் சளி. இப்போது தேவலை. எனிக்கோ கைக்குழந்தையோடு எனக்கும் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். நல்ல பெண், நீ நினைப்பது போலில்லை.

முழங்கால்தான் கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கிறது. உன்னைப் போல.

மய்தா அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்தேன். நீ ஓர் இடத்தில் சட்டி வாங்கியிருக்கிறாய் என்றால் அது பெரிய செய்தி.

நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாயே, அதற்குப் பதில்: நன்றாகவே தூங்குகிறேன்.

உன் கட்டில் நீ விட்டபடியே. வாரம் ஒருமுறை மேலே தூசி மட்டும் தட்டுகிறேன். விரிப்பைத் தொடுவதில்லை.

குளிர் வருகிறது. கழுத்தை மூடிக்கொள்.

வில்மோஷ்


லுப்லியானா,
நவம்பர் 12

தம்பி வில்மோஷுக்கு,

உன் மார்புச்சளி போய்விட்டதா என்று கேட்கப்போவதில்லை. போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

நேற்று மாலை சமையலறையில் பீன்ஸ் சூப் கிண்டிக்கொண்டிருந்தேன். இரண்டு ஸ்காட்லாந்துப் பெண்கள், அன்றுதான் வந்தவர்கள், மற்றவர்களுக்குத் தாங்கள் தங்கிய விடுதிகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கே மூட்டைப்பூச்சி, எங்கே வெந்நீர் இல்லை, எப்போதும் நடக்கும் பேச்சுத்தான். அதில் உயரமானவள், மோராக் என்று பெயர், சொன்னாள்:

"புடாபெஸ்ட்ல ஒரு இடம். கெலெட்டி ஸ்டேஷன் பக்கம், மூணாவது மாடி. அங்க ஒரு தாத்தா சமையலறை பெஞ்சுல படுக்கறார். காலை மடக்கித்தான் படுக்கணும், அவ்வளவு சின்ன பெஞ்சு. ராத்திரியெல்லாம் இருமல். நாங்க காபி போட வந்தா எழுந்து, மன்னிச்சுக்கோங்கன்னு எங்ககிட்டயே மன்னிப்புக் கேக்கறார்."

"வேற பெட் இல்லியா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதான் வேடிக்கை. எங்க ரூம்லயே ஜன்னலோரமா கீழ் பெட் ஒண்ணு சும்மா கிடக்கு. நான் கேட்டேன், தாத்தா, இது காலியாத்தானே இருக்கு, இதுல படுத்துக்கலாமேன்னு. 'காலி இல்லம்மா, என் அக்கா வெளியே போயிருக்கா'ன்னார். அவரோட பையன்கூடச் சத்தம் போட்டான், 'அப்பா, அந்த விரிப்பை எடுத்துப் போட்டுட்டு நீங்களே படுத்துக்கோங்க, உங்களை யாரு வேண்டாம்னா'ன்னு. தாத்தா கேக்கவே இல்ல. 'அதை அவதான் கழட்டணும்'னு ஒரே பிடி."

"அக்கா எப்போ வருவாங்களாம்?"

"நானும் கேட்டேன். 'கோபம் தீர்ந்ததும்'னார்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கரண்டியை வைத்துவிட்டு, அந்தப் பெஞ்சு என்ன நிறம் என்று கேட்டேன். "பச்சை. உங்களுக்கெப்படித் தெரியும்?" என்றாள். அதற்குச் சாயம் அடித்தவள் நான். அது மூன்று பேர் உட்கார்ந்து சூப் குடிப்பதற்கான பெஞ்சு. மனிதன் படுப்பதற்கானது அல்ல. மே மாதத்திலிருந்து நீ அதில் படுக்கிறாய். அடுப்புப் பக்கச் சுவரின் கதகதப்பைப் பற்றி எழுதியபோதே எனக்குப் பிடிபட்டிருக்கவேண்டும்.

சூப் அடிப்பிடித்துவிட்டது. மய்தா வந்து அடுப்பை அணைத்தாள். நானாகவே எல்லாவற்றையும் சொன்னேன். சிகரெட்டை வாயிலிருந்து எடுத்து, "அந்த ஆளுக்குக் குழாய் ரிப்பேர் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "அப்போ என்னத்துக்கு இங்க நின்னு சட்டியைப் பாத்துட்டு இருக்கீங்க? போய் எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன்.

நீ பலகை மாட்டியது அநியாயம். நீ பெஞ்சில் படுத்ததால் அது நியாயமாகிவிடாது. இங்கே வந்து என் எதிரில் உட்கார்ந்து சூப் குடிக்கும்போதும் அதை நான் சொல்வேன், நீ கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் ஒரு கட்டில் காலியாகக் கிடக்க, என் தம்பி காலை மடக்கிக்கொண்டு இருமுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இனி நடக்கவேண்டியவை இவை. யார் யார் எதைச் செய்யவேண்டும் என்பதையும் எழுதியிருக்கிறேன். எனிக்கோ இதை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படிக்கவேண்டும். நீ படித்தால் பாதியை விழுங்கிவிடுவாய்.

வில்மோஷ், நீ சன்னலோரக் கீழ்க்கட்டிலின் விரிப்பைக் கழற்று. என் சார்பில். தலையணை உறையையும். மடிக்காதே, முகர்ந்துகொண்டு நிற்காதே. கொண்டுபோய்க் கூடையில் போடு. நான் கிளம்பிவிட்டேன்.

கூடையில் இருப்பதைச் சொங்கோர் துவைப்பான். இயந்திரத்தில் அல்ல, கையால். அத்தை சொன்னாள் என்று சொல்.

பலகையைக் கழற்றவேண்டியதும் சொங்கோர்தான். உன் கையால் கழற்று என்று ஏப்ரலில் எழுதினேன். அதை மாற்றுகிறேன். நீ நாற்காலியில் ஏறினால் முழங்கால் போய்விடும். மேலும், ஒரு பிள்ளை தன் அப்பாவைச் சமையலறையில் படுக்கவைத்த விதியை அந்தப் பிள்ளையேதான் இறக்கவேண்டும். துளைகளைப் பூசி அடைத்துச் சாயம் அடிக்கட்டும். சாயம் மாடிப்படிக்குக் கீழே, மூன்றாவது டப்பா.

சன்னலோரக் கட்டிலுக்குப் புது விரிப்பைச் சொங்கோர் போடட்டும். நடைமேடையில் இறங்கும் முதல் நரைத்த தலைக்கு அந்தக் கட்டிலைக் கொடுக்கவேண்டும். அந்த ஆள் குறட்டை விட்டாலும்.

எனிக்கோ, நீ உன் மாமனாரின் பையைக் கட்டு. கம்பளி முழங்கால் உறை இரண்டு, மார்பில் தடவும் களிம்பு, கால் கிலோ நல்ல மிளகாய்த்தூள். இங்கே கிடைப்பதில் காரமும் இல்லை, நிறமும் இல்லை. நீ அவருக்குக் கஞ்சி வைத்ததை நான் மறக்கமாட்டேன். குழந்தையின் படம் ஒன்றும் வை.

வில்மோஷ், நீ அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை டெலி ரயில் நிலையத்தில் ஏறு. ஒரே ரயில், மாறவேண்டியதில்லை. வெயில் வரும் பக்கத்து இருக்கையில் உட்கார். எல்லையில் கடவுச்சீட்டைக் கேட்பார்கள், காட்டு. வேறு யார் என்ன கேட்டாலும், "என் அக்கா வெளியே போயிருக்கிறாள், அவளோடு இருக்கப் போகிறேன்" என்று சொல்.

நடைமேடையில் நான் நிற்பேன். கையில் அட்டை இருக்கும், அதில் உன் பெயர் இருக்கும். வேறு எந்த அட்டைக்காரன் பின்னாலும் போய்விடாதே.

மய்தா உனக்குக் காட்டவேண்டிய குழாய்களைக் காட்டுவாள். அது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை நீ தூங்கவேண்டும்.

ஏணி கொஞ்சம் ஆடுகிறது. நேற்று இருமுறை ஏறிப் பார்த்தேன், தாங்குகிறது. பையை மேலிருந்து இறக்கிவிட்டேன். கீழ்க்கட்டிலுக்கு உன் பெயரில் விரிப்பு போட்டாகிவிட்டது, சுவரோரம் வெந்நீர்க் குழாய் போகிறது. மேல்கட்டில் என்னுடையது. இதில் விவாதம் கிடையாது.

பிரோஷ்கா